பதினொரு வெறும் நாற்காலிகள்

வெல்லாவெளிப் பக்கம் ஒரு பாடசாலைக்குக் கணித ஆசிரியர் இல்லை என்று வைத்துக்கொள்வோம். பெற்றோர் யாரிடம் போவது? பாராளுமன்ற உறுப்பினரிடம் போனால், அது மாகாணத்தின் விடயம் என்பார். பிரதேச சபைத் தவிசாளரிடம் போனால், தன் கையில் இருப்பது வீதி விளக்கும் குப்பையும்தான் என்பார். இருவர் சொல்வதும் சட்டப்படி சரி. இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டிய மாகாண சபை உறுப்பினரைத்தான் 2017 செப்டம்பர் 30க்குப் பிறகு காணவில்லை. கிழக்கு மாகாண சபையில் மட்டக்களப்பு மாவட்டத்துக்கு 11 ஆசனங்கள். சபையின் காலம் முடிந்த அன்று வெறுமையான அந்த நாற்காலிகளில் இன்றுவரை யாரும் அமரவில்லை. ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர் திருகோணமலையில் இருந்து மாகாணத்தை நடத்துகிறார். அவரை இங்கே யாரும் வாக்களித்து அனுப்பவில்லை. வாக்களித்துத் திருப்பி அழைக்கவும் முடியாது.

கொழும்பு சொல்லும் காரணம் எல்லை நிர்ணயம். 2017இல் வந்த திருத்தச் சட்டம், உறுப்பினரில் பாதிப் பேரைத் தொகுதி வழியாகவும் மீதிப் பாதியை விகிதாசாரத்திலும் தெரிவு செய்யச் சொன்னது. தவலிங்கம் தலைமையிலான குழு எல்லைகளை வரைந்து கொடுத்தது. 2018 ஆகஸ்ட் 24 அன்று அந்த அறிக்கை பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள். ஆதரவாக ஒன்றுகூட இல்லை. அதைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார்! பிறகு பிரதமர் தலைமையில் மீளாய்வுக் குழு ஒன்று அமைந்தது. இரண்டு மாதத்தில் முடிய வேண்டிய அந்த வேலை முடியவேயில்லை. பழைய முறை நீங்கிவிட்டது, புதிய முறை வரவில்லை என்ற இந்த இடைவெளியில் எத்தனையோ அரசாங்கங்கள் சௌகரியமாகக் குடியிருந்துவிட்டன.

ஒரு சிறு திருத்தத்தால் பழைய விகிதாசார முறைக்கே திரும்பி, தேர்தலை உடனே நடத்த வேண்டும் என்பதே நமது நிலைப்பாடு. எல்லைகளை அதற்குப் பின் ஆறுதலாக வரையலாம். மட்டக்களப்பில் எல்லை வரைவது அவசரத்தில் முடிகிற வேலையல்ல. இந்த மாவட்டத்தின் கதையே அதற்குச் சாட்சி.

1947இல் முதல் பாராளுமன்றத்துக்கு வாக்களித்த மட்டக்களப்பு மாவட்டம் பொத்துவில் வரை நீண்டு கிடந்தது. அம்பாறை பிரிந்தது 1961இல்தான். அதற்கு முன்பே கல்லோயாத் திட்டமும் அதன் குடியேற்றங்களும் தெற்குப் பக்கத்தின் சனத்தொகையை மாற்றியிருந்தன. இங்கே எல்லைக் கோடு வெறும் கணக்காக இருந்ததில்லை.

புளியந்தீவும் காத்தான்குடியும் சேர்ந்த மட்டக்களப்புத் தொகுதி 1947இல் அனுப்பியது ஐக்கிய தேசியக் கட்சியின் சின்னலெப்பையை. 1952இல் சுயேச்சையாக நின்ற கதிராமர் வந்தார். 1956இல் தமிழரசுக் கட்சியின் செல்லையா இராஜதுரை. ஒரே ஒரு ஆசனம் என்றால் தமிழர், முஸ்லிம் இரண்டில் ஒரு சமூகம் வெல்ல, மற்றது ஐந்தாண்டு வாய் பார்த்திருக்க வேண்டும். அதற்கு அன்றைய எல்லை நிர்ணயக்காரர் கண்ட வழி எளிமையானது: தொகுதியை வெட்டாமல் ஆசனத்தை இரண்டாக்கினார்கள். 1960 மார்ச் தேர்தலில் இருந்து மட்டக்களப்பு இரட்டை அங்கத்தவர் தொகுதி. வாக்காளர் கையில் இரண்டு வாக்குகள். இராஜதுரையும் மாக்கான் மாக்காரும் சேர்ந்து போனார்கள். ஊரைப் பிரிக்காமலே இரு சமூகத்துக்கும் ஆள் கிடைத்தார்.

அந்த ஏற்பாடு குறையே இல்லாதது என்று நாம் சாதிக்க வரவில்லை. 1970இல் இராஜதுரையோடு வந்தவர் சுயேச்சையாக நின்ற இராஜன் செல்வநாயகம்; முஸ்லிம் பக்கம் வெறுமை. 1977இல் இன்னொரு கூத்து. தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியனில் இராஜதுரை, தமிழரசின் பழைய வீட்டுச் சின்னத்தில் காசி ஆனந்தன் என்று ஒரே முகாமுக்குள் இருவர் மோதினார்கள். வென்ற இராஜதுரையோடு போனவர் ஐக்கிய தேசியக் கட்சியின் பரீத் மீராலெப்பை. 1979இல் இராஜதுரையே ஆளும் கட்சிக்குத் தாவி அமைச்சரானார். அதைத் துரோகம் என்று சொன்னவர்கள் உண்டு, கிழக்குக்குக் கிடைத்த கதிரை என்று சொன்னவர்களும் உண்டு. வாக்காளர் அதற்குத் தீர்ப்புச் சொல்ல ஒரு தேர்தல் வந்திருந்தால் நல்லது. வரவில்லை. 1982 டிசம்பரில் விளக்கா குடமா என்று சர்வசன வாக்கெடுப்பு வைத்து, இருந்த பாராளுமன்றத்துக்கே மேலும் ஆறு ஆண்டு கொடுத்தார்கள். 1977 ஜூலைக்குப் பிறகு மட்டக்களப்பார் பாராளுமன்றப் பொதுத் தேர்தலைக் கண்டது 1989 பெப்ரவரியில். அந்த இடைவெளியில் இந்த மண்ணில் என்னென்ன நடந்தன என்பதை இங்குள்ளவர்களுக்கு நாம் எழுதிக் காட்டத் தேவையில்லை. தேர்தலைத் தள்ளிப்போட்டால் அரசியல் காத்திருக்காது. அது வேறு வழியில் போகும்.

1989 முதல் விகிதாசாரமும் விருப்பு வாக்கும். மட்டக்களப்பு, கல்குடா, பட்டிருப்பு என்ற மூன்று தொகுதிகள் இன்று வாக்கு எண்ணும் பிரிவுகள் மட்டுமே. ஐந்து ஆசனங்களும் மாவட்டம் முழுவதற்கும் பொது. சிறு சமூகங்களுக்கும் சிறு கட்சிகளுக்கும் இதில் பாதுகாப்பு உண்டு. ஆனால் படுவான்கரையில் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். ஐவரும் எங்கள் உறுப்பினர், ஆனால் எங்கள் ஊருக்கென்று ஒருவரும் இல்லை என்பார்கள். எஸ். எம். இராசமாணிக்கம் காலத்தில் பட்டிருப்பு வாக்காளருக்கு எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரிந்திருந்தது. அவருடைய பேரன் சாணக்கியன் இன்று பாராளுமன்றத்தில் இருக்கிறார். சட்டத்தின் கணக்கில் அவர் பட்டிருப்பின் உறுப்பினர் அல்ல, மாவட்டத்தின் உறுப்பினர்.

உறுப்பினராக இருப்பதற்கு இந்த மாவட்டம் கொடுத்த விலையையும் மறக்கக் கூடாது. சாம் தம்பிமுத்து 1990இல் கொழும்பில் மனைவியோடு சுட்டுக் கொல்லப்பட்டார். நிமலன் சௌந்தரநாயகம் 2000 நவம்பரில், தேர்தலில் வென்று சில வாரங்களிலேயே கொல்லப்பட்டார். ஜோசப் பரராஜசிங்கத்தை 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில், இதே புளியந்தீவின் மரியாள் பேராலயத்துக்குள் சுட்டார்கள். அந்தக் கொலைக்கு இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. துப்பாக்கி இருந்த காலத்திலும் இங்கே தேர்தலில் நிற்க ஆள் இருந்தது, வரிசையில் நின்று வாக்களிக்கச் சனம் இருந்தது. இன்று துப்பாக்கி இல்லை. வாக்குப் பெட்டியைத்தான் காணவில்லை.

மாகாண சபை வந்து என்னதான் கிழித்தது என்று கேட்பவர்களின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. காணி அதிகாரமும் பொலிஸ் அதிகாரமும் ஏட்டில் இருக்க, ஆளுநரின் கையொப்பத்துக்காகக் காத்துக் கிடந்த சபை அது. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் இருந்து நடத்திய போராட்டத்தை ஒரு மாகாண சபை தனித்துத் தீர்த்திருக்கும் என்று நாம் நம்பவில்லை. ஆனால் அவர்களுக்காகச் சபையில் எழுந்து நின்று கேட்கப் பதினொரு பேர் இருந்திருப்பார்கள். விவசாயத்துக்கும் கால்நடைக்கும் பதில் சொல்ல வேண்டிய ஓர் அமைச்சர் எதிரில் இருந்திருப்பார்.

இன்னொன்றும் உண்டு. 2012இல் தெரிவான 37 பேர் கொண்ட சபையில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 11, முஸ்லிம் காங்கிரசுக்கு 7. 2015இல் ஏழு பேர் வைத்திருந்த கட்சியின் ஏறாவூர் நஸீர் அஹமட் முதலமைச்சராக, பதினொரு பேர் வைத்திருந்த கட்சி அவரோடு அமைச்சரவையில் அமர்ந்தது. தமிழர் பக்கத்தில் இதற்கு முணுமுணுப்பு இருந்தது. நமக்கும் கேள்விகள் இருந்தன. இருந்தும் ஓட்டமாவடிக்காரரும் கிரான்காரரும் தம் சச்சரவைப் பேசித் தீர்க்க வேறெந்த மேசை அன்று இருந்தது? இன்று அந்த மேசையும் இல்லை.

2024 நவம்பர் பொதுத் தேர்தலில் 22 மாவட்டங்களில் 21ஐ தேசிய மக்கள் சக்தி வென்றது. கைநழுவிய ஒரே மாவட்டம் மட்டக்களப்பு. இங்கே தமிழரசுக்கு மூன்று, ஆளும் கட்சிக்கு ஒன்று, முஸ்லிம் காங்கிரசுக்கு ஒன்று. மாகாண சபைத் தேர்தலை நடத்துவதாகக் கொள்கைப் பிரகடனத்தில் எழுதிய கட்சி அது. 159 உறுப்பினர் கையில் இருக்கிறார்கள். பழைய முறைக்குத் திரும்பும் திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு கூடத் தேவையில்லை, சாதாரண பெரும்பான்மை போதும். உள்ளூராட்சித் தேர்தலை 2025 மே மாதம் நடத்த முடிந்தவர்களுக்கு இதை மட்டும் நடத்த முடியாது என்பதை எப்படி ஏற்பது?

எல்லைக் கோடுகளை வரையும் நாள் வரும்போது மட்டக்களப்பைப் பல துண்டாக வெட்டிக் காத்தான்குடியை ஒரு பக்கமும் ஆரையம்பதியை மறுபக்கமும் ஒதுக்கும் கத்தியை யாரும் எடுக்கக் கூடாது. 1960இல் இங்கே பரீட்சித்த இரட்டை அங்கத்தவர் முறை கையில் இருக்கிறது. பல்லங்கத்தவர் வட்டாரம் உள்ளூராட்சிச் சட்டத்தில் இன்றும் இருக்கிறது. படுவான்கரைக்குத் தனித் தொகுதியும், சமூகங்கள் நெருங்கி வாழும் எழுவான்கரையில் இரட்டைத் தொகுதிகளும், மிச்சத்துக்கு விகிதாசாரமும் என்று பேசத் தொடங்கலாம். அந்தப் பேச்சில் மட்டக்களப்பின் பெயரால் உட்கார, தெரிவு செய்யப்பட்ட பதினொரு பேர் முதலில் வேண்டும். அதற்கான தேர்தல் திகதியை அரசாங்கம் அறிவிக்கட்டும்.