மலையக வீடுகளை யார் கட்டுவது? யார் தீர்மானிப்பது?

2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் இலங்கையைத் தாக்கிய டித்வா சூறாவளி, 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. நுவரெலியா, பதுளை, கண்டி ஆகிய மலைநாட்டு மாவட்டங்களில் உயிர்களையும் வீடுகளையும் பெருமளவில் பறித்தது மண்சரிவே ஆகும். முற்றாக அழிந்த வீடொன்றை மீளக் கட்டுவதற்கு 50 இலட்சம் ரூபா வழங்கப்படும் என அதே ஆண்டு டிசம்பரில் ஜனாதிபதி பாராளுமன்றத்தில் அறிவித்தார். அன்று தொட்டு எத்தனை வீடுகள், எவ்வளவு பணம், எங்கே காணி என்ற கேள்விகள் இடைவிடாது எழுப்பப்படுகின்றன. இவை நியாயமான கேள்விகளே. ஆயினும், இவற்றுக்கு இணையான இன்னொரு கேள்வியை எவரும் கேட்பதாகத் தெரியவில்லை. அந்த வீட்டைக் கட்டப்போகிறவர் யார், அவரைத் தெரிவு செய்யும் உரிமை யாருக்கு உண்டு என்பதே அந்தக் கேள்வியாகும்.

கொழும்பிலோ கண்டியிலோ ஒரு நடுத்தரக் குடும்பம் வீடு கட்ட முனையும்போது என்ன நடக்கிறது? ஒப்பந்தகாரர் முன்னர் கட்டிய வீடுகளைப் போய்ப் பார்க்கிறார்கள். அங்கு குடியிருப்போரிடம், மழைக்கு ஒழுகுகிறதா, சுவர் வெடித்ததா என்று விசாரிக்கிறார்கள். இரண்டு மூன்று பேரிடம் மதிப்பீடு பெற்று ஒப்பிடுகிறார்கள். வேலை பிழைத்தால் பணத்தை நிறுத்தி வைக்கிறார்கள். மலையகத் தோட்டத் தொழிலாளிக்கு இந்தச் சாதாரண உரிமை ஒருபோதும் கிட்டியதில்லை. லயன் அறைகளை வெள்ளைக்காரத் துரைமார் கட்டினார்கள். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டன. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. அதன் பின்னர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம், அமைச்சுகள், 2018ஆம் ஆண்டின் சட்டமொன்றினால் உருவாக்கப்பட்ட புதிய கிராமங்கள் அதிகாரசபை எனப் பல அமைப்புகள் வந்தன. வீட்டைத் தீர்மானிப்பவர் மாறினாரேயன்றி, அங்கு குடியிருப்பவர் தீர்மானிப்பவராக மாறவில்லை. மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்த இருநூறாவது ஆண்டு 2023இல் நினைவுகூரப்பட்ட பின்னரும் இந்த நிலை நீடிக்கிறது.

இது வெறும் கௌரவப் பிரச்சினை மாத்திரமன்று. வீட்டின் தரமும், அதில் வாழ்வோரின் சுகாதாரமும், அது சுற்றாடலுக்கு இழைக்கும் தீங்கும் இத்துடன் நேரடியாகத் தொடர்புபட்டவை. கந்தப்பளையை எடுத்துக்கொள்வோம். கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் அமைந்துள்ள பிரதேசம் அது. தை, மாசி மாதங்களில் நுவரெலியாவின் பள்ளத்தாக்குகளில் துகள் உறைபனி படிவதை நாம் ஆண்டுதோறும் செய்தியாக வெளியிடுகிறோம். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வீட்டைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதே சக்திச் சிக்கனம். கந்தப்பளையிலோ பகலில் கிடைக்கும் சிறிது வெப்பத்தை இரவு வரை காப்பாற்றுவதே சக்திச் சிக்கனம். கொழும்பிலுள்ள மேசையொன்றில் வரையப்படும் ஒரே வரைபடம் இவ்விரண்டு இடங்களுக்கும் எவ்வாறு பொருந்தும்?

மலைநாட்டின் இரவுக் குளிரில் தகரக் கூரை விரைவாக வெப்பத்தை இழந்துவிடும். கூரைக்குக் கீழே உட்கூரை இல்லாத வீட்டில் எவ்வளவு விறகு எரித்தாலும் அறை சூடேறாது. கிழக்கு நோக்கிய சாளரம் காலை வெயிலை உள்ளே கொண்டுவரும். தடித்த சுவர் அந்த வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கும். கதவு, சாளர இடுக்குகள் அடைக்கப்பட்டிருந்தால் குளிர்காற்று புகாது. இவையெல்லாவற்றையும் விட முக்கியமானது அடுப்பு. கவ்வாத்து மிலாறும் சவுக்கு விறகும் எரியும் அடுப்புக்கு முறையான புகைபோக்கி இல்லையெனில், குளிருக்கு அஞ்சிச் சாளரத்தை மூடும் தாயும் பிள்ளைகளும் புகையையே சுவாசிக்க நேரிடுகிறது. புதிய வீட்டின் வரைபடத்தில் விறகடுப்புக்கு இடமில்லாது போனால், குடியேறிய சில மாதங்களிலேயே பின்புறம் தகரம் அடித்து ஒரு சமையற் கொட்டில் எழும்பிவிடும். அது வரைபடம் வரைந்தவருக்கு அந்தக் குடும்பம் எழுதும் விமர்சனம் என்றே கொள்ள வேண்டும்.

கந்தப்பளையில் நல்ல கட்டிடக் கலைக்கு முன்னுதாரணம் இல்லாமலும் இல்லை. கைவிடப்பட்டுக் கிடந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை, 1990களில் அதன் பழைய கட்டமைப்பும் இயந்திரங்களும் பேணப்பட்டு உல்லாச ஹோட்டலாக மாற்றப்பட்டது. இருப்பதை இடிக்காமல் பயன்படுத்துவது சுற்றாடலுக்கு உகந்த கட்டிட முறைகளுள் தலையாயது. உல்லாசப் பயணிகளுக்காகக் காட்டப்பட்ட அந்த அக்கறையில் ஒரு பங்கேனும், அதே மலைச்சரிவுகளில் கொழுந்து பறிப்போரின் குடியிருப்புகளுக்குக் காட்டப்பட்டதா என்பதே நாம் எழுப்பும் வினா.

தொழிலாளியின் தலைக்கு மேலுள்ள கூரை அவரது கருத்தைக் கேளாமலேயே தீர்மானிக்கப்படுகிறது என்பதற்கு அஸ்பெஸ்டஸ் விவகாரம் ஒரு சான்றாகும். நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும் அஸ்பெஸ்டஸின் இறக்குமதியை 2018ஆம் ஆண்டு தொடக்கம் தடைசெய்ய இலங்கை தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில், இலங்கைத் தேயிலைப் பொதியொன்றில் வண்டு காணப்பட்டதாகக் கூறி ரஷ்யா தேயிலை இறக்குமதியைத் தற்காலிகமாக நிறுத்தியது. அஸ்பெஸ்டஸை ஏற்றுமதி செய்யும் பிரதான நாடும் ரஷ்யாவே. சில நாட்களுக்குள் இலங்கை தனது அஸ்பெஸ்டஸ் தடையைத் தளர்த்திக்கொண்டது. தேயிலையின் சந்தையைக் காப்பாற்றுவதற்குச் செலுத்தப்பட்ட விலை கூரைத்தகடாக இருந்தது. அந்த விலையைச் செலுத்துவோரில், தேயிலையைப் பறிப்போரும் அடங்குவர்.

கட்டுநரைத் தெரிவு செய்வதில் அரசாங்கம் எவ்வாறு வழிதவறலாம் என்பதற்கு வடக்கு, கிழக்கில் கிடைத்த அனுபவத்தை மலையகம் மறந்துவிடலாகாது. போரினால் இடம்பெயர்ந்தோருக்காக 65,000 உருக்கு வீடுகளை அமைக்கும் பணிக்கு, 2016ஆம் ஆண்டளவில் ஆசெலர்மிட்டல் என்னும் பன்னாட்டு உருக்கு நிறுவனம் தெரிவு செய்யப்பட்டது. வீடொன்றின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. தளபாடங்களும் சூரியசக்தி மின்சார வசதியும் சேர்த்து வழங்கப்படும் எனக் கூறப்பட்டது. யாழ்ப்பாணத்தில் மாதிரி வீடுகளும் அமைக்கப்பட்டன. பொறியியல் அறிஞர்களும் வடக்கின் மக்கள் பிரதிநிதிகளும் அவற்றை ஆராய்ந்து, அத்திவாரம் போதாது, காற்றோட்டம் குறைவு, அடுப்புக்கும் புகைபோக்கிக்கும் இடமில்லை, பிற்காலத்தில் விரிவாக்க முடியாது, துருப்பிடிக்கும் எனக் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டினர். ஏறத்தாழ பாதிச் செலவில் கல்வீடு கட்ட முடியும் என்பதும் சுட்டிக்காட்டப்பட்டது. கடும் எதிர்ப்பின் மத்தியில் அத்திட்டம் இறுதியில் கைவிடப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. கூரையில் சூரியத்தகடு பொருத்தியவுடன் வீடு பசுமை வீடாகிவிடாது. இடத்துக்குப் பொருந்தாத சுவரையும் கூரையையும் அமைத்துவிட்டு அதன்மேல் எந்தப் பசுமைச் சாதனத்தைப் பொருத்தினாலும் அது ஒப்பனையே. மாதிரி வீட்டை மக்கள் நேரில் பார்த்து வாய்திறக்க முடிந்ததாலேயே 65,000 குடும்பங்கள் அன்று தப்பின.

இந்திய வீடமைப்புத் திட்டம் இதற்கு நேர்மாறான பாடத்தைத் தருகிறது. அதன் முதற்கட்டமான 1,000 வீடுகள் ஒப்பந்த நிறுவனங்கள் மூலம் கட்டப்பட்டன. 2012 ஒக்டோபர் 2ஆம் திகதி ஆரம்பிக்கப்பட்ட இரண்டாம் கட்டத்தில், வடக்கு, கிழக்கின் 45,000 வீடுகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குப் பயனாளியே கட்டுநர் என்ற முறை பின்பற்றப்பட்டது. வேலை முன்னேற முன்னேறப் பணம் கட்டங்கட்டமாகக் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கு வந்தது. மேசனையும் தச்சரையும் குடும்பமே பேசி அமர்த்தியது. தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் மேற்பார்வை செய்தனர். குறைகள் இருந்தன, பலர் கடனாளிகளாகவும் ஆயினர். எனினும், அந்த வீடுகளில் குடியிருப்போர் அவற்றைத் தமது வீடுகள் என்றே சொல்கிறார்கள்.

மலையகத்துக்கு மூன்றாம் கட்டத்தில் 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. மேலும் 10,000 வீடுகளை இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவித்தார். அதன் முதற்தொகுதிக்கான அடிக்கல் 2024 பெப்ரவரியிலேயே நாட்டப்பட்டது. பெருந்தொற்றும் பொருளாதார நெருக்கடியும் இடையில் குறுக்கிட்டமை உண்மைதான். இருப்பினும், மேலிருந்து இயக்கப்படும் முறையே விரைவானது என்று வாதிடுவோர் இந்த ஏழு ஆண்டுகளையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

செங்குத்தான மலைச்சரிவில் ஒரு தொழிலாளர் குடும்பம் தானாகவே வீடு கட்டிவிட முடியுமா என்ற கேள்வி எழுவது இயல்பே. முடியாது என்பதே நேர்மையான பதில். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களோடு மனிதர்களும் புதையுண்டதை நாம் மறந்துவிடவில்லை. காணியின் உறுதித்தன்மையைச் சோதிப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பொறுப்பு. சரிவை வெட்டிச் சமப்படுத்துவதும், அணைசுவர் எழுப்புவதும், மழைநீர் வடிகாலும் பாதையும் அமைப்பதும் அரசின் கடமை. அவற்றைக் குடும்பத்தின் தலையில் சுமத்துவது அநீதியாகும். ஆனால், நிலத்தை ஆயத்தம் செய்வது வேறு; அதன்மீது வீடு கட்டுவது வேறு. முன்னையதை அரசு செய்யட்டும். பின்னையதில் குடும்பத்துக்குத் தெரிவுரிமை வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு.

அந்தத் தெரிவுக்குச் சில அளவுகோல்கள் அவசியம். முதலாவதாக, பணியை ஏற்க முன்வருபவர் குறைந்தது இரண்டு மழைக்காலங்களைக் கண்ட தமது வீடுகளைக் காட்ட வேண்டும். இரண்டாவதாக, பெருந்தொகையாக வீடுகளைக் கட்டுமுன் ஒரு மாதிரி வீடு அதே தோட்டத்தில் எழுப்பப்பட்டு, பெண்கள் உட்பட அனைவரும் பார்த்துக் கருத்துக் கூறக் கால அவகாசம் வழங்கப்பட வேண்டும். மூன்றாவதாக, ஆற்று மணலையும் சூளைச் செங்கல்லையும் மட்டுமே நம்பியிராமல், வேறு பொருட்களைக் கையாளவும் அவர் அறிந்திருக்க வேண்டும். மண்ணோடு சிறிதளவு சீமெந்து சேர்த்து இயந்திரத்தால் அழுத்திச் செய்யப்படும் கல்லைச் சூளையிலிட வேண்டியதில்லை, விறகு மீதமாகும். இலங்கையின் வடக்கு, கிழக்கில் இவ்வகைக் கற்களால் வீடுகள் கட்டப்பட்டுள்ளன. அதற்கான மண்ணைச் சரிவைக் குடைந்து எடுக்காமலிருப்பதும், மழைச்சாரல் சுவரில் படாதவாறு கூரையை நீட்டி அமைப்பதும் மலைநாட்டில் கட்டாயமாகும். நான்காவதாக, ஒப்பந்தம் தமிழில் எழுதப்பட்டு, பொருட்களின் அளவும் விலையும் குடும்பத்தின் கையில் தரப்பட வேண்டும். ஐந்தாவதாக, கொடுப்பனவில் ஒரு பகுதி ஓராண்டு வரை தடுத்து வைக்கப்பட்டு, ஒழுக்கும் வெடிப்பும் திருத்தப்பட்ட பின், குடும்பத்தின் கையொப்பத்துடனேயே விடுவிக்கப்பட வேண்டும்.

தோட்டங்களிலிருந்து புறப்பட்டுச் சென்று கொழும்பின் மாடிக் கட்டிடங்களில் மேசன்மாராகவும் கம்பி கட்டுவோராகவும் உழைக்கும் இளைஞர்கள் ஏராளம். பிறருடைய வீடுகளைக் கட்டும் அந்தக் கைகளுக்குப் பயிற்சியும் சான்றிதழும் வழங்கி, தோட்டந்தோறும் கட்டுமானக் குழுக்களை உருவாக்கினால், வீட்டுக்கான பணத்தின் கூலிப் பங்கு மலையகத்திலேயே தங்கும். பழுது நேர்ந்தால் கூப்பிடு தூரத்தில் ஆளும் இருக்கும்.

இவை அனைத்துக்கும் அடிப்படை காணி உரிமையாகும். ஏழு பேர்ச்சஸ் காணிக்கான உறுதி கையில் இல்லாதவர், கட்டுநரை நோக்கிக் கேள்வி கேட்கும் நிலையில் இருக்கமாட்டார். தோட்ட நிருவாகத்துக்குச் சொந்தமான லயனில் இருந்து வெளியேற்றப்பட்ட குடும்பம், வீட்டு உரிமையாளருக்கென அறிவிக்கப்பட்ட இழப்பீட்டைப் பெறுவதில் உள்ள சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. எனவே, உறுதிப்பத்திரம் முதலிலும் வீடு அதன் பின்னரும் என்ற ஒழுங்கு கடைப்பிடிக்கப்பட வேண்டும்.

இன்று எழுப்பப்படும் சுவர்கள் இன்னும் இரண்டு தலைமுறைகளுக்கு நிற்கப்போகின்றவை. அவற்றுக்குள் குளிரில் நடுங்கப்போவதும், புகையில் இருமப்போவதும், அல்லது நிம்மதியாக உறங்கப்போவதும் அமைச்சரோ ஒப்பந்தகாரரோ அல்லர். அனர்த்தத்துக்குப் பின் வந்துள்ள இந்தப் பெருந்தொகை நிதி, திறப்பு விழாவில் சாவியை வாங்கிக்கொள்ளும் பயனாளிகளை மட்டும் உருவாக்கிவிட்டு முடிந்துவிடக்கூடாது. தமது வீட்டைக் கட்டுபவரைத் தாமே தெரிந்தெடுத்து, அவரிடம் கணக்குக் கேட்கும் உரிமையாளர்களாக மலையக மக்களை அது ஆக்க வேண்டும். அதற்கான விதிகளை, முதற்கல் நாட்டப்படுவதற்கு முன்னரே அரசாங்கம் பகிரங்கப்படுத்த வேண்டும் என நாம் வலியுறுத்துகிறோம்.