பிறைக்கு ஏழு நாள் முன்னறிவித்தல்

பெருநாள் என்றைக்கு என்பது எங்கள் அக்குறணையில் முதல் நாள் இரவுதான் உறுதியாகும். மாலையில் மேற்கு வானத்தைப் பார்ப்போம். பிறகு கொழும்பு பெரிய பள்ளிவாசலின் அறிவித்தலுக்காகக் காத்திருப்போம். நோன்பு 29 நாளா, 30 நாளா என்பதை அதற்கு முன் எந்த முகாமையாளராலும் சொல்லிவிட முடியாது.

அயல்வீட்டு இளைஞர் ஒருவர் கொழும்பில் தனியார் நிறுவனமொன்றில் பணிபுரிகிறார். சில வருடங்களுக்கு முன், நாட்காட்டியில் அச்சிட்டிருந்த தினத்துக்கு லீவு பெற்று ஊருக்கு வந்திருந்தார். பிறை தென்படவில்லை, பெருநாள் ஒரு நாள் தள்ளிப்போயிற்று. அன்றிரவே கைத்தொலைபேசியில் அடுத்த நாளுக்கும் லீவு கேட்டார். எந்த வகை லீவானாலும் ஏழு நாள் முன்னறிவித்தல் வேண்டுமென்று மென்பொருள் மறுத்துவிட்டது. பெருநாள் சம்பளமற்ற நாளாகப் பதிவானது. பின்னர் முகாமையாளரிடம் முறையிட்டபோது கிடைத்த பதில்: "சிஸ்டம் விடாது, தம்பி."

எனது கோபமெல்லாம் இந்த மூன்று சொற்களின் மீதுதான்.

நோன்புப் பெருநாள் அரச ஊழியருக்கும் வங்கி ஊழியருக்கும் விடுமுறை. தனியார் துறைக்குரிய வர்த்தக விடுமுறைப் பட்டியலில் மீலாத் தினம் உண்டு. நோன்புப் பெருநாளும் இல்லை, தீபாவளியும் இல்லை. நிறுவனம் தானாக விடுமுறை வழங்கினாலன்றி, ஊழியர் தமது லீவுக் கணக்கில்தான் கைவைக்க வேண்டும்.

அந்தக் கணக்கை வகுத்தது 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம். வருடாந்த லீவு 14 நாட்கள். அதற்குப் புறம்பாக, சொந்த அலுவல், சுகவீனம், நியாயமான வேறு காரணங்களுக்கென 7 நாட்கள். இந்த 7 நாட்களை ஏன் தனியே பிரித்து வைத்தார்கள்? வாழ்க்கையில் சில விடயங்கள் சொல்லிக்கொண்டு வருவதில்லை என்பதால்தானே? பிங்கா ஓயா பெருக்கெடுத்துக் கண்டி–மாத்தளை வீதியை மூடும்போது, ஏழு நாட்களுக்கு முன்பே விண்ணப்பிக்க எங்களூரவர் என்ன சோதிடர்களா?

ஏழு என்பது கணினியின் நியதியன்று. அது ஒரு கட்டம். அதில் அந்த இலக்கத்தை இட்டவர் ஒரு மனிதர். நீண்ட வருடாந்த லீவுக்கு அது பொருந்தலாம். திடீர்த் தேவைக்குரிய லீவுக்கும் அதையே பூட்டியது கவனக்குறைவு. கேட்ட பிறகும் திருத்தாதது கோழைத்தனம்.

லீவுப் பேரேட்டை அலுமாரியில் பூட்டி வைத்திருந்த தலைமை லிகிதர்களின் கீழ் வேலை செய்தவன் நான். மீதி எத்தனை நாள் என்று கேட்கவே அஞ்சுவோம். இன்று அது எவர் கையிலும் தெரிகிறது. அந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த லிகிதர் மறுத்தால், மறுத்தவர் இன்னாரென்று எமக்குத் தெரிந்திருந்தது. அவரோடு வாதிட முடிந்தது.

ஒரு நாள் சம்பளம் பெரிய தொகையா என்று கேட்கலாம். பெருநாளன்று உம்மா, வாப்பாவோடு இருந்ததற்காக ஒருவர் கட்டிய தண்டப்பணம் அது.

அடுத்த பெருநாளுக்கு இன்னும் காலமிருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் அந்தக் கட்டத்துக்குள் என்ன இலக்கம் இருக்கிறது, அதை இட்டவர் யார் என்று இப்போதே கேட்டு வையுங்கள்.