கறுப்பு ஆயிலில் மினுங்கும் தூள்

பெரும்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் போகும் வழியில் எந்த மெக்கானிக் கடை முன்னால் காலையில் நின்றாலும் இந்தக் காட்சி கண்ணில் படும். வண்டிக்கு அடியில் பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் கேன் இருக்கும். டிரெயின் போல்ட்டைக் கழற்றியதும் கறுத்த ஆயில் அதில் வடியும். அனுபவமுள்ள மெக்கானிக் அதை இரண்டு விரலால் தொட்டுத் தேய்த்து வெயிலில் காட்டிப் பார்ப்பார். விரலில் ஜிகினாத் தூள் மாதிரி ஏதாவது மினுங்கினால் அவர் முகம் மாறும். "உள்ள தேய ஆரம்பிச்சிருக்குணா. இந்த வாட்டி கொஞ்சம் திக்கான ஆயிலா ஊத்திக்கலாம்" என்பார். வண்டிக்காரரும் சரி என்பார். கேனில் வடிந்தது பழைய டின்னுக்குப் போகும். தேய்ந்தது எந்தப் பாகம், எதனால் தேய்ந்தது என்ற கேள்விகளும் அந்த டின்னுக்குள்ளேயே போய்விடும்.

அந்த மெக்கானிக்கின் கண் தப்பாகப் பார்க்கவில்லை. அவர் சொன்ன வைத்தியத்திலும் பாதி சரிதான். குறை வேறிடத்தில் இருக்கிறது. கழித்த ஆயிலில் உள்ள உலோகத்தை அளந்து சொல்லும் பரிசோதனை, ஆட்டோவும் சரக்கு வண்டியும் டெலிவரி பைக்கும் ஓட்டிப் பிழைப்பவர்களுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. அதை அவர்கள் பக்கத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டும்.

பெரும்பாக்கத்துக்கு இது ஏன் முக்கியம்? கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களுக்காக இங்கே இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகள் கட்டப்பட்டன. வீடு இங்கே வந்தது. பலருக்கு வேலை நகரத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. அதனால் வண்டிகள் ஓடும் தூரம் கூடியது. பலரிடம் இருப்பவை ஏற்கெனவே ஒருவர் ஓட்டித் தேய்த்து விற்ற வண்டிகள். மாதவரம்–சோழிங்கநல்லூர் மெட்ரோ வழித்தடம் இப்பகுதி வழியாகத்தான் போகிறது. கட்டுமானப் புழுதி இருக்கும் இடத்தில் வண்டி ஓட்ட வேண்டும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வெள்ளம் இங்கே வீட்டு வாசல் வரை வந்து வண்டிகளை முழுக்கியது. இன்ஜின் 'சீஸ்' ஆகிவிட்டால் ரீபோர், பிஸ்டன், ரிங் என்று செலவு போவது ஒரு பக்கம், வண்டி கடையில் நிற்கும் நாட்களின் வருமானம் போவது இன்னொரு பக்கம்.

ஆயிலைச் சோதித்து இன்ஜினின் நோயை அறிவது பழைய வித்தை. அமெரிக்க ரயில் நிறுவனங்கள் 1940-களிலேயே தங்கள் டீசல் என்ஜின்களுக்கு இதைத் தொடங்கின. இந்திய ரயில்வேயின் டீசல் லோகோ ஷெட்களிலும் இது நீண்ட காலமாக நடைமுறையில் இருக்கிறது. சிறிது ஆயிலை எடுத்து மின்பொறியில் எரிப்பார்கள். எரியும்போது ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய நிறத்தில் ஒளிவிடும். அந்த ஒளியைப் பிரித்து அளந்தால் எந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடும். கணக்கு பிபிஎம்மில் வரும், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று. ஒரு லிட்டர் ஆயிலில் 100 பிபிஎம் இரும்பு இருக்கிறது என்றால் அதன் எடை ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட வராது. விரலுக்கும் கண்ணுக்கும் அது தட்டுப்படாது.

எண்கள் சொல்லும் சேதிதான் இதில் அருமை. இரும்பு ஏறினால் சிலிண்டர் சுவர், கேம் ஷாஃப்ட், பல்சக்கரம் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். அலுமினியம் பெரும்பாலும் பிஸ்டனிலிருந்தும், குரோமியம் ரிங்கிலிருந்தும் வரும். செம்பும் ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்து ஏறினால் பேரிங் அரிக்கப்படுகிறது என்று பொருள். இரும்பு, அலுமினியத்தோடு சிலிக்கானும் கூடினால் குற்றவாளி வெளியிலிருந்து வந்திருக்கிறது: ஏர் ஃபில்டர் வழியாக மண் உள்ளே போயிருக்கிறது. மணல் கண்ணாடியையே கீறும். சிலிண்டர் சுவர் அதற்கு எம்மாத்திரம்? அப்படிப்பட்ட இன்ஜினில் எவ்வளவு கெட்டியான ஆயிலை ஊற்றினாலும் தேய்மானம் நிற்காது. மாற்ற வேண்டியது ஏர் ஃபில்டரை. இந்த வேறுபாட்டை விரலில் மினுங்கும் ஜிகினா சொல்லாது, பரிசோதனை சொல்லும்.

நிறத்தை வைத்து முடிவெடுப்பதும் ஏமாற்றும். டீசல் வண்டியில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கரியால் கறுத்துப்போகும். அதனால் மட்டும் அது கெட்டுவிட்டதாக ஆகாது. எரிவாயுவில் ஓடும் ஆட்டோவில் நேர்மாறு. கரி குறைவு என்பதால் ஆயில் வெகுநாள் தெளிவாகவே தெரியும். சூட்டில் அதன் குணம் தேய்ந்துகொண்டிருப்பது நிறத்தில் தெரியாது. 'ஆயில் இன்னும் நல்லாத்தான் இருக்கு' என்று கூடுதலாக ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டும் ஆட்டோக்காரரை ஏமாற்றுவது இந்தத் தெளிவுதான்.

இனி அந்த 'திக்கான ஆயில்' விஷயம். பாகுநிலை என்றால் நல்லெண்ணெய்க்கும் விளக்கெண்ணெய்க்கும் உள்ள வித்தியாசம். சாய்த்தால் முன்னது ஓடும், பின்னது நகரும். பாகுநிலைக்கும் தேய்மானத்துக்கும் உள்ள உறவு 1883-இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய தற்செயலாகத் தெரியவந்தது. ரயில் அச்சுகளின் பேரிங்கை ஆராய்ந்துகொண்டிருந்த பியூசாம்ப் டவர், எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் மேல் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றபோது உள்ளே போக வேண்டிய எண்ணெய் துளை வழியாக வெளியே பொங்கியது. மரத்தக்கையால் அடைத்தார், தக்கையையும் எண்ணெய் தள்ளிவிட்டது. சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துப் போய் இடுக்கில் திணிக்கிறது, அந்த அழுத்தத்தில் அச்சு உலோகத்தைத் தொடாமலே மிதக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணிதம் எழுதினார். பாகுநிலை கூடினால் அந்த எண்ணெய்ப் படலம் தடிக்கும் என்று அந்தக் கணிதம் சொல்கிறது. மெக்கானிக் சொல்வதில் பாதி சரி என்பது இதனால்தான்.

மீதிப் பாதி? எல்லா இடத்திலும் உலோகம் மிதப்பதில்லை. பிஸ்டன் மேல் எல்லையில் ஒரு கணம் நின்று திரும்பும் இடத்திலும், கேம் உரசும் இடத்திலும் படலம் மெலிந்து உலோகம் உலோகத்தை நெருங்கிவிடும். அங்கே காப்பாற்றுவது பாகுநிலையைவிட ஆயிலில் கலந்துள்ள துத்தநாக–பாஸ்பரஸ் சேர்மம். அது உலோகத்தின் மேல் மெல்லிய தோல் போலப் படிந்து தேய்மானத்தைத் தான் வாங்கிக்கொள்ளும். நாள்பட்ட ஆயிலில் அந்தச் சேர்மம் தீர்ந்துபோயிருக்கும். பைக்கில் இன்னொரு சங்கடம்: பெரும்பாலான பைக்குகளில் இன்ஜினுக்கும் கியருக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில்தான். கியர் பற்கள், ஆயிலைக் கெட்டியாக வைத்திருக்கும் நீண்ட மூலக்கூறுகளை நறுக்கிவிடும். '40' என்று நம்பி ஊற்றியது சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து உள்ளே '30' ஆகியிருக்கலாம்.

அந்த எண்களையும் தெரிந்துகொள்வது நல்லது. 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் '30' ரக ஆயிலின் பாகுநிலை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை இருக்க வேண்டும். '40' ரகம் 12.5 முதல் 16.3 வரை, '50' ரகம் 16.3 முதல் 21.9 வரை. முன்னால் வரும் 10W, 20W என்பவை குளிர்காலத்துக்கான எண்கள். 20W ஆயில் மைனஸ் 15 டிகிரியிலும் இன்ஜினைச் சுழலவிட வேண்டும் என்பது விதி. மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காத, 2003 மே மாதத்தில் 45 டிகிரியைத் தொட்ட சென்னையில் முன் எண்ணைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. இங்கே பார்க்க வேண்டியது பின் எண். மேடவாக்கம் நெரிசலில் ஊர்ந்து போகும், காற்றால் மட்டுமே குளிரும் இன்ஜினுக்கு, தயாரிப்பாளரின் கையேடு அனுமதிக்கும் ரகங்களில் கெட்டியானதைத் தேர்ந்தெடுப்பதில் நியாயம் இருக்கிறது. கையேட்டைத் தாண்டிப் போனால் இன்ஜின் கூடுதலாக உழைக்கும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், குறுகிய இடுக்குகளுக்கு ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும்.

மெல்லிய ஆயில் பக்கம் உலகம் சாய்ந்ததற்கு எரிபொருள் சிக்கன விதிகள் பெரிய காரணம். அந்தச் சாய்வின் விலையும் அண்மையில் வெளியே தெரிந்தது. 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் 6.2 லிட்டர் வி8 இன்ஜின் கொண்ட சுமார் 6 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. கிராங்க் ஷாஃப்ட், கனெக்டிங் ராட் தயாரிப்பில் இருந்த குறைகளால் பேரிங் சேதமாகி இன்ஜின் நின்றுபோகும் அபாயம். சோதனையில் தேறிய வண்டிகளுக்கு நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? 0W-20 ஆயிலை வடித்துவிட்டு 0W-40 ஊற்றச் சொன்னது. படலம் தடித்தால் பேரிங் பிழைக்கும் என்று தயாரிப்பாளரே ஒப்புக்கொண்ட நிகழ்வு இது.

ஆனால் அதற்கு ஓராண்டு முன்பு, 2024 மே மாதத்தில், டொயோட்டா சுமார் ஒரு லட்சம் டுன்ட்ரா, லெக்ஸஸ் எல்எக்ஸ் வண்டிகளைத் திரும்ப அழைத்தது வேறு காரணத்துக்காக. தொழிற்சாலையில் கடைந்தபோது விழுந்த உலோகத் துகள்கள் முழுவதும் துடைக்கப்படாமல் இன்ஜினுக்குள்ளேயே தங்கிவிட்டிருந்தன. ஆயில் ரகத்தை மாற்றி அந்த வண்டிகளைக் குணப்படுத்த முடியாது. இரண்டும் பேரிங் சம்பந்தப்பட்டவை, மருந்து ஒன்றில்லை. எந்த நோய் என்று தெரியாமல் மருந்தை மட்டும் மாற்றுவதில் உள்ள ஆபத்து இதில் விளங்கும்.

தூளைப் பார்த்தும் சரியாகப் படிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மறக்கக் கூடாத சாட்சி ஒன்று இருக்கிறது. 2009 ஏப்ரல் 1 அன்று ஸ்காட்லாந்துக்கு அருகே வட கடலில் சூப்பர் பூமா ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து 16 பேரும் இறந்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு, மார்ச் 25 அன்று, அதன் கியர்பாக்ஸ் ஆயிலில் இருந்த காந்தத்தில் ஒரு உலோகத் துகள் ஒட்டியிருந்தது. அது என்ன உலோகம் என்பதைத் தவறாக எடுத்துக்கொண்டார்கள். உடையப்போகும் கியரின் துகள் அது. 2016 ஏப்ரல் 29 அன்று நார்வேயில் அதே குடும்பத்தைச் சேர்ந்த ஹெலிகாப்டர் விழுந்து 13 பேர் இறந்தபோது முன்கூட்டியே எந்தத் துகளும் எச்சரிக்கவில்லை. ஆயில் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. சொன்னதையாவது காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

பரிசோதனைக்கும் எல்லை உண்டு. ஆய்வகக் கருவி மிக நுண்ணிய துகள்களைத்தான் நன்றாகக் கணக்கிடும். கண்ணில் மினுங்கும் அளவுக்குப் பெரிய தகட்டுத் தூளை அது தவறவிடலாம். ஆகவே மெக்கானிக்கின் விரலும் ஒரு காந்தமும் அறுத்துப் பார்த்த ஃபில்டரும் ஆய்வகத்தோடு சேர்ந்தே வேலை செய்ய வேண்டும். புது வண்டியின் முதல் சர்வீசில் தூள் வருவது இயல்பு, பாகங்கள் ஒன்றோடொன்று பழகும் காலம் அது. ஒரே ஒரு எண்ணை வைத்தும் எதுவும் சொல்ல முடியாது. அடுத்தடுத்த ஆயில் மாற்றங்களில் அந்த எண் நிதானமாக நிற்கிறதா, திடீரென்று தாவுகிறதா என்பதுதான் கேள்வி.

இதைச் செய்யும் திறமை பக்கத்திலேயே இருக்கிறது. 1949-இல் தொடங்கப்பட்ட குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஆட்டோமொபைல் பொறியியல் துறை உண்டு. தரமணியில் மத்திய பாலிடெக்னிக் கல்லூரி உண்டு. ஆட்டோ, டாக்சி ஓட்டுநர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. செயலி வழி வேலை செய்வோருக்கும் தனி வாரியம் அமைப்பதாக 2023 சுதந்திர தினத்தன்று முதல்வர் அறிவித்தார். வாரியங்கள் கட்டணத்தை ஏற்று, கல்லூரிகள் மாதம் இரண்டு நாள் மாதிரி வாங்கிச் சோதித்துத் தந்தால் மாணவர்களுக்குப் படிப்பு, ஓட்டுநருக்குப் பாதுகாப்பு. முடிவுத் தாளில் எண்களோடு 'ஏர் ஃபில்டரை மாற்றவும்', 'பேரிங்கைப் பார்க்கவும்' என்று தமிழில் ஒரு வரி இருக்க வேண்டும்.

ஒரு லிட்டர் ஆயிலின் விலையைவிடப் பரிசோதனைக் கட்டணம் கூடுமே என்று கேட்பார்கள். வீட்டு உபயோக ஸ்கூட்டருக்கு அந்தக் கேள்வி நியாயம். அதற்கு டிப் ஸ்டிக்கை வாரம் ஒருமுறை பார்த்து, காலத்தில் ஆயில் மாற்றினாலே போதும். நாள் முழுக்க ஓடிச் சம்பாதிக்கும் வண்டிக்கு ஒப்பிட வேண்டியது இன்ஜின் வேலைச் செலவோடு. மின்சார வண்டிகள் வந்துவிடுமே என்பார்கள். வரட்டும். இன்று கடனில் வாங்கி ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின்கள் அந்தக் கடன் தீரும் வரையாவது ஓட வேண்டும்.

வெள்ளத்தில் முழுகிய இன்ஜினில் தண்ணீர் கலந்தால் ஆயில் பால் கலந்த டீ போல ஆகிவிடும். அதை வடித்துப் புது ஆயில் ஊற்றினாலும் பேரிங்கில் ஏற்கெனவே ஏறிய துரு அடுத்த சில ஆயிரம் கிலோமீட்டரில்தான் தூளாக வெளியே வரும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். கிலோமீட்டரை எழுதி ஒட்டிய ஒரு சிறு பாட்டில் ஆயிலைப் பெரும்பாக்கத்து ஓட்டுநர்கள் செப்டம்பரிலேயே கொடுக்க வழி செய்தால், தைக்குப் பிறகு கொடுக்கும் அடுத்த பாட்டிலோடு ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் கையில் ஒரு எண் இருக்கும்.