ஆள் போவதா, உழைப்புப் போவதா?

2025ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாம் திகதி முதல், வெளிநாட்டாருக்குச் சேவை விற்று டொலர் கொண்டுவரும் இலங்கையர் அவ்வருமானத்தில் நூற்றுக்கு 15 வரை அரசாங்கத்துக்கு வரி கட்டவேண்டியவராயினர். அதற்கு முன் அவ்வருமானத்துக்கு வரிவிலக்கு இருந்தது. 2024 டிசம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க பாராளுமன்றத்தில் இதனை அறிவித்தபோது, பெரிய கம்பனிகளின் சங்கங்கள் உரத்த குரலில் முறையிட்டன. வெள்ளவத்தை ஒழுங்கைகளிலே, மாடிவீட்டின் ஓர் அறையை அலுவலகமாக்கி, நாலைந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு மெல்பேணுக்கும் இலண்டனுக்கும் கணக்கெழுதிக் கொடுப்பவருக்கோ சங்கமில்லை, குரலுமில்லை. நாம் எழுதவந்தது இவர்களைப் பற்றியே.

வரி கேட்பதே அநியாயம் என்று நாம் சொல்லவில்லை. சம்பளக்காரன் நூற்றுக்கு 36 வரையிலும், சாதாரணக் கம்பனி நூற்றுக்கு 30ம் கட்டும் நாட்டில் 15 என்பது சலுகையே. தெரு அமைக்காமல் சுங்கச்சாவடி அமைத்தார்களே, அதுதான் எமது முறைப்பாடு.

சேவை ஏற்றுமதி என்றவுடன் கணினியை மட்டும் நினைத்துவிடக் கூடாது. கொட்டாஞ்சேனைக்காரருக்கு இதனை விளக்கவே தேவையில்லை. அவர்களுடைய வாசலிலுள்ள துறைமுகத்தில் இறங்கி ஏறும் கொள்கலன்களில் மிகப் பெரும் பங்கு இந்நாட்டுக்கென வருவதுமில்லை, இந்நாட்டிலிருந்து போவதுமில்லை. இந்தியாவுக்கும் அயல்நாடுகளுக்கும் செல்லும் சரக்கு அங்கே கப்பல் மாறுகிறது. எமக்குக் கிடைப்பது முழுவதும் சேவைக் கூலி. (2025 மே மாதத்தில் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் திறக்கப்பட்டதோடு அக்கூலிக்கும் போட்டி வந்துவிட்டது.) ரொறன்ரோவிலிருந்து ஒரு குடும்பம் வந்து வெள்ளவத்தையில் மண்டபம் எடுத்துக் கலியாணம் செய்து போகிறதே, அதுவும் சேவை ஏற்றுமதிதான். 1995இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக நிறுவனத்தின் சேவை உடன்படிக்கை இதற்கு நான்கு வழிகளைச் சொல்கிறது. உழைப்பு மட்டும் எல்லை கடந்து போகலாம். வாங்குவோன் இங்கு வரலாம். விற்போன் அங்கே கிளை திறக்கலாம். அல்லது ஆளே போகலாம்.

தமிழர் நன்கு அறிந்த வழி கடைசி வழியே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் ஆங்கிலம் படித்து மலாயாவுக்குக் கப்பலேறி, புகையிரதப் பகுதியிலும் தபாற்பகுதியிலும் எழுதுவினைஞராயினர். அவர்கள் அனுப்பிய பணத்திலும், பின்னர் பெற்ற பென்சனிலும் கல்வீடுகள் எழுந்தன, கோயில்கள் எழுந்தன, பள்ளிக்கூடங்களும் எழுந்தன. மலாயாப் பென்சன்காரர் என்று ஒரு வர்க்கமே எம்மிடையே இருந்தது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்து அரசாங்க உத்தியோகத்தின் கதவை எம்மவர்க்கு ஒடுக்கிய பிறகு, வைத்தியரும் எந்திரியும் கணக்காளரும் ஒருவர் பின் ஒருவராக வெளிநாடு நோக்கினர். 1983 யூலையில் வெள்ளவத்தையிலே வீடுகளும் கடைகளும் எரிந்தபின் நிகழ்ந்தது வேறு. அதனை ஏற்றுமதி என்று சொல்ல எமக்கு நாக்கூசுகிறது. யுத்தம் முடிந்து ஆண்டுகள் கழிந்தும் வன்னியில் ஒரு விவசாயி காணியை ஈடுவைத்து, ஏஜென்சிக்காரனுக்குப் பணம் கட்டி, மகனை எந்த நாட்டுக்காவது அனுப்பத் துடிப்பதை நாம் கண்டோம். ஆள் போனால் வயல் தரிசாகிறது. தேர்தல் தொகுதியும் சுருங்குகிறது. மக்கட்டொகை குறைந்ததனால் யாழ்ப்பாண மாவட்டம் பாராளுமன்ற ஆசனங்களை இழந்ததை யார் மறந்தார்?

ஆகவே ஆள் இங்கிருக்க உழைப்பு மட்டும் போகும் முதல் வழி எமக்கு வெறும் வியாபார விஷயமன்று. கிளிநொச்சியில் இருந்தபடியே ஒரு பெண் இலண்டன் கம்பனியின் கணக்கை முடிக்க முடியுமானால், தகப்பனுடைய காணி ஈட்டுக்குப் போகாது. அந்த வழியில் கிடக்கும் கற்களை யார் அகற்றுவது?

முதற்கல், நம்பிக்கை. பண்டம் வாங்குவோன் தேயிலையை முகர்ந்து பார்க்கலாம், தைத்த சட்டையின் தையலை இழுத்துப் பார்க்கலாம். சேவையை முன்கூட்டிப் பார்க்க முடியாது. விற்போனுடைய சொல்லையும், அவனுடைய நாட்டின் நடத்தையையும் பார்த்தே வாங்குகிறான். எமது நாட்டின் நடத்தை என்ன? 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் பிறவிடங்களிலும் குண்டுகள் வெடித்தபின் மறுபடியும் முடக்கம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு; ஏப்ரலில் நாடு வெளிக்கடனைக் கட்ட இயலாதென்று கைவிரித்தது. பெரிய கம்பனி ஜெனரேற்றருக்கு டீசல் தேடிக்கொண்டது. ஒழுங்கைக் கம்பனிக்காரன் பெற்றோல் வரிசையில் நின்றுகொண்டே, வேலை ஏன் முடியவில்லையென்று கேட்ட இலண்டன்காரனுக்குப் பதில் எழுதினான். 2025 பெப்ரவரியில் நாடு முழுவதும் இருண்டபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் புகுந்த குரங்கின்மேல் பழியைப் போட்டார் மந்திரியார். குரங்கு எதிர்த்து அறிக்கை விடவில்லை. ஆனால் ஒப்பந்தத்தை வேறு நாட்டுக்கு மாற்றும் வாடிக்கையாளனுக்குக் குரங்குக் கதை போதாது.

எம் நாட்டாரின் திறமைக்குக் குறைவில்லை என்பதற்குச் சாட்சி இலண்டனிலேயே உண்டு. 1996இல் தொடங்கிய மில்லேனியம் ஐ.ரி. என்னும் இலங்கைக் கம்பனியை 2009இல் இலண்டன் பங்குச் சந்தை விலைக்கு வாங்கியது. 2011 முதல் அச்சந்தையின் வியாபாரம் இலங்கையில் எழுதப்பட்ட மென்பொருளிலேயே ஓடியது. பெருமைக்குரியதே. ஆனால் வாடிக்கையாளன் தன் தேவையை நிறைவேற்றிக்கொள்ள விற்போனையே வாங்கிவிட்டான் என்பதையும் கவனிக்க வேண்டும். எல்லாரையும் வாங்க எவரும் வரமாட்டார். சிறியோர்க்கு அரசாங்கத்தின் நல்ல பெயரே முதல்.

தைத்த ஆடைக்கு ஐரோப்பாவில் ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகை உண்டு. 2010இல் அதனை இழந்து 2017இல் திரும்பப் பெற்றபோது எத்தனை தூதுக்குழுக்கள், எத்தனை அறிக்கைகள்! அச்சலுகை பண்டங்களுக்கு மட்டுமே உரியது, சேவைக்கு இல்லை. சேவைக்கு வேண்டியது வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2018 மே மாதத்தில் நடைமுறைப்படுத்திய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அங்குள்ளவர்களின் சொந்த விபரங்களைக் கையாளப் போதிய பாதுகாப்புள்ள நாடுகளென்று ஜப்பான், தென் கொரியா முதலியவை ஏற்கப்பட்டன. இலங்கை அந்த வரிசையில் சேரவில்லை. ஆகவே இங்குள்ளவன் ஒவ்வொரு வாடிக்கையாளனுடனும் நீண்ட தனி ஒப்பந்தம் எழுதவேண்டும். அதற்கு வழக்கறிஞர் கட்டணம் வேறு. எமது பாராளுமன்றம் 2022இல் இதற்கொரு சட்டத்தை நிறைவேற்றியதென்னவோ உண்மை. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டிய அதன் முக்கிய பகுதிகள் அந்நாள் வருமுன்னரே ஒத்திவைக்கப்பட்டன. வரியை மட்டும் ஒத்திவைக்க எவருக்கும் மனம் வரவில்லை!

இனிப் பணம் வந்துசேரும் பாதையைப் பாருங்கள். பேபால் என்னும் கொடுப்பனவுச் சேவை உலகெங்கும் சிறிய வியாபாரிக்குக் கைகொடுப்பது. இலங்கையனை அது நீண்ட காலமாகப் பணம் செலுத்துபவனாக ஏற்றதேயன்றி, பெறுபவனாக ஏற்கவில்லை. இதோ வருகிறது என்று ஆட்சிக்கு ஆட்சி சொல்லப்பட்டது. தனியாள் ஃபைவர் போன்ற இணையச் சந்தைகளில் உழைப்பை விற்கப்போனால், கூலியில் நூற்றுக்கு 20 அச்சந்தைக்காரனுக்குப் போய்விடுகிறது. சந்தையிலே வெங்காயத்தையும் கத்தரிக்காயையும் கொண்டுபோய்க் கொட்டி, கழிவு என்ற பெயரில் நிறையில் ஒரு பங்கை வெட்டக்கொடுத்த எமது கமக்காரருக்கு இந்த வலி புதிதன்று. பெரிய கம்பனியின் உபஒப்பந்தக்காரனாக வேலை செய்தால் கழிவு இன்னும் கூடும். பெயரும் வெளியில் தெரியாது.

வங்கியின் சந்தேகமும் ஒரு தடை. 2017 முதல் 2019 வரை இலங்கை உலகப் பணத்தூய்தாக்கல் கண்காணிப்பாளரின் சாம்பற் பட்டியலில் இருந்தது. 2014 மார்ச்சில் எமது அரசாங்கமே புலம்பெயர் அமைப்புகள் 16ஐயும் நானூறுக்கு மேற்பட்ட ஆட்களையும் வர்த்தமானியில் தடைப்பட்டியலிட்டது. இவ்விரண்டின் நிழலும் வெள்ளவத்தையிலிருந்து கனடாவுடனும் பிரான்சுடனும் நேர்மையாக வியாபாரம் செய்யும் தமிழன்மேல் விழாமல் இருக்குமா? பணம் யாருடையது, எதற்காக வந்தது என்று வங்கி கேட்பதில் பிழையில்லை. இனத்தைப் பார்த்துக் கேள்வி நீளுமாயின் அது பிழை.

எம்மவரும் இங்கே ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மச்சானுடைய கடைக்குக் கணக்கெழுதுவதற்கு ஒப்பந்தம் எதற்கு என்ற பழக்கம் எம்மிடம் வேரூன்றியிருக்கிறது. வாய்ப்பேச்சில் வேலை, உண்டியலில் கூலி. உண்டியல்காரன் வீட்டுக்கே வந்து ரூபாய் கொடுப்பது வசதிதான். ஆனால் நூற்றுக்கு 15 என்ற சலுகை வரி, வெளிநாட்டு நாணயத்தில் வங்கியூடாக வந்த வருமானத்துக்கே உரியது. உண்டியலில் வந்த பணத்துக்குச் சட்டத்தில் அந்தச் சலுகையும் இல்லை. ஏற்றுமதியாளன் என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. வங்கிக் கடனுக்குப் போனாலும், நாளைக்கு வெளியூர்க் கம்பனி ஒன்று முன்னனுபவம் கேட்டாலும், அவன் வெறுங்கையோடு நிற்கிறான். வாடிக்கையாளனுடைய நாட்டில் வரி பிடிக்கப்பட்டால் அதனை இங்கே கழித்துக்கொள்ள இரட்டை வரித் தவிர்ப்பு உடன்படிக்கைகள் உண்டு. பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, இந்தியா யாவற்றுடனும் உண்டு. அதற்கும் பற்றுச்சீட்டும் அத்தாட்சிப் பத்திரமும் வேண்டும். கணக்காளர் நிறைந்த சமூகம் இதனை அறியாதிருப்பது வெட்கம். சி.ஐ.எம்.ஏ. முடித்த பிள்ளைகள் வெள்ளவத்தையில் வீதிக்கு வீதி இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் தொழில் தொடங்குவோருக்கு ஒப்பந்தமும் விலைச்சிட்டையும் எழுதப் பழக்கினால் யாருக்கு என்ன நட்டம்?

அரசாங்கத்தாரிடம் நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவந்து ஐரோப்பாவின் அங்கீகாரத்தைக் கேட்டு எழுதட்டும். வெளிநாட்டுக் கூலியைச் சிறியவனும் நேரே பெறும் கொடுப்பனவு வழியைத் திறக்கட்டும். பத்துப் பேருக்குக் குறைந்த கம்பனிகளுக்கு, முதல் மூன்றாண்டுகளுக்காவது இந்த வரியைப் பாதியாக்கட்டும். மின்சாரத்தையும் இணையத்தையும் ஆள்வோரின் அச்சத்துக்கேற்ப நிறுத்தும் வழக்கத்துக்குச் சட்டத்தால் ஓர் எல்லை கட்டட்டும். வடக்கு கிழக்கிலிருந்து பாராளுமன்றம் சென்றுள்ள தமிழ் உறுப்பினர்கள், அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் தமக்குக் கிடைக்கும் நிமிடங்களில் ஐந்தையேனும் இதற்கு ஒதுக்கி, 2025 ஏப்ரல் முதல் இவ்வரியால் திரட்டிய தொகை எவ்வளவு, அதில் சேவை ஏற்றுமதியின் பாதையைச் செப்பனிடச் செலவழித்தது எவ்வளவு என்று நிதி மந்திரியாரை நேருக்கு நேர் கேட்பார்களாக.