புயல் வந்தாத்தான் ஆட்டம்!

புயல் எச்சரிக்கைன்னு டி.வி.யில ஓடினா நாம என்ன பண்ணுவோம் பாஸ்? எத்தனாம் நம்பர் கூண்டுன்னு பார்த்துட்டு, அடுத்த செகண்டே ‘நாளைக்கு காலேஜ் லீவா?’ன்னு ஃப்ரெண்டுக்கு போன் போடுவோம். அதே மாதிரி செய்தியைக் கேட்டதும் மூட்டை முடிச்சைக் கட்டிக்கிட்டு ஏர்போர்ட்டுக்கு ஓடின கோஷ்டி ஒண்ணு உண்டு. விண்ட்சர்ஃபிங் ஆசாமிகள்!

2013-ல் தொடங்கிய ‘ரெட்புல் ஸ்டார்ம் சேஸ்’ போட்டியைத்தான் சொல்றேன். தேதி கிடையாது, ஊரும் கிடையாது. எங்கே மணிக்கு 89 கிலோமீட்டருக்கு மேல காத்து சுழன்றடிக்குதோ, அங்கே ஆட்டம். மத்த போட்டியெல்லாம் புயல் வந்தா தள்ளிப்போகும். இது புயல் வராட்டி தள்ளிப்போச்சு! அந்த ஜனவரியில் அயர்லாந்து, அப்புறம் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா, கடைசியா 2014 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கார்ன்வால். மூணும் நடுங்கவைக்கிற குளிர்க்கடல் வேற.

விஷயம் என்னன்னா, ஒரு பலகை, அதன் மேல எந்தப் பக்கமும் சாயுற மாதிரி மாட்டின ஒரு கம்பம், அதுல ஒரு பாய். சுக்கான் கிடையாது. பாயை முன்னே பின்னே சாய்ச்சுத்தான் பலகையைத் திருப்பணும். காத்தின் வேகம் ரெண்டு மடங்கானா, பாயில் விழுற அடி நாலு மடங்கு. (ஃபிசிக்ஸ் கிளாஸ்ல தூங்கினவங்க இங்கே முழிச்சுக்கலாம்!) அதனால காத்து கூடக் கூட பாய் சின்னதாகும். மந்தமான நாளில் எட்டு, பத்து சதுர மீட்டர் பாய். புயலில் மூணோ நாலோதான். இடுப்புப் பட்டையில் இருக்கிற கொக்கியைப் பாயோட கயித்துல மாட்டி, உடம்பு எடையையே எதிர் எடையா தொங்கவிடுவாங்க. வெறும் கையால பிடிச்சா கொஞ்ச நேரத்துல தோள் கழண்டுடும்.

ஆனா நிஜ வில்லன் காத்து இல்லை மச்சி, காத்து இல்லாத இடம்! பெரிய அலை எழும்பி நின்னா அதுக்குக் கீழே உள்ள பள்ளத்துல காத்து மறைஞ்சுபோகும். பாய் தொளதொளன்னு தொங்கும். உச்சிக்கு ஏறினதும் மொத்தக் காத்தும் ஒரே அறையா அறையும். அங்கே விழுந்தா, தண்ணியில மிதந்துகிட்டே பாயின் ஒரு ஓரத்தைத் தூக்கிக் காட்டணும். காத்தே ஆளை இழுத்து நிறுத்தும். அதுக்குள்ளே அடுத்த அலை தலைக்கு மேல நிக்கும். அந்த வீடியோக்களில் என்னை உலுக்கினது சாகசத் தாவல்கள் இல்லை, விழுந்தவன் தலை மறுபடி வெளியே தெரியுற வரைக்கும் ஓடுற அந்த நொடிகள்தான்.

ஜெயிச்சது யாரு? மலை மாதிரி ஆள்னு நினைச்சா ஏமாந்துபோவீங்க. பிரான்ஸைச் சேர்ந்த தாமஸ் ட்ராவெர்சா, சின்ன உடம்புக்காரர். அதே 2014-ல் அலைப் பிரிவில் உலக சாம்பியனும் ஆனார். இந்த விளையாட்டுக்கு உடம்பும் வயசும் ஒரு பொருட்டே இல்லைபோல. ஹவாயில் வளர்ந்த ராபி நெய்ஷ் 1976-ல் உலக சாம்பியன் ஆனப்போ அவருக்கு வயசு 13!

ஸ்டார்ம் சேஸில் விழுந்தவனைத் தூக்க, ஜெட் ஸ்கியில் ஆள் காத்திருந்தது. இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, அர்னோ தெ ரோஸ்னேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் இருந்தார். 1979-ல் பேரிங் நீரிணையைப் பலகையிலேயே கடந்தவர். திறமைக்குக் குறைச்சலே இல்லை. 1984 நவம்பரில் சீனாவிலிருந்து தைவானுக்குத் தனியா கிளம்பினார். துணைக்குப் படகு இல்லை. கரை சேரவே இல்லை. தேடினாங்க; ஆளும் கிடைக்கலை, பலகையும் கிடைக்கலை. அப்போ அவருக்கு வயசு 38.