எந்த அறநூல் எனக்கு ஒத்தது?

சென்ற பருவத்தில் எம் விடுதியில் வினாத்தாள் ஒன்று அறைதோறும் உலவிற்று. அதன்கண் இருபது வினாக்கள் இருந்தன. மூழ்கும் ஓடத்தினின்று எவரை இறக்கிவிடுவாய், கொலைஞன் வந்து வினவினால் மெய் கூறுவாயோ, தறிகெட்டோடும் வண்டியினின்று ஐவரைக் காத்தற்பொருட்டு ஒருவனைப் பலியிடுவாயோ என்னும் இத்தகையன. (இவற்றுள் வண்டிக்கதை, பிலிப்பா ஃபுட் என்னும் ஆங்கில அம்மையார் 1967-இல் எழுதிய கட்டுரையொன்றிலிருந்து உலகெங்கும் பரவியது.) விடைகளுக்குரிய எண்களைக் கூட்டின், நாம் கான்டின் வழியினரோ, மில்லின் வழியினரோ, அரிஸ்டாட்டிலின் வழியினரோ என்பது இறுதியில் தெரியவரும். யானும் விடையெழுதினேன். கான்டின் வழியினன் என வந்தது. கடமையைக் கடமைக்காகவே ஆற்றுவோன் என்னும் அப்பட்டத்தைப் பெற்று இரண்டு நாள் தலைநிமிர்ந்து திரிந்தேன் என்பதை மறைப்பானேன்?

மூன்றாம் நாட் காலை வகுப்பில் வருகை குறிக்கும்பொழுது என் அறைத்தோழனுடைய எண் அழைக்கப்பட்டது. அவன் பந்தாட்டங் காணச் சென்றிருந்தான். "உள்ளேன் ஐயா" என்று அவனுக்காக யான் குரல் கொடுத்தேன். ஆசிரியர் ஐயமின்றிக் குறித்துக்கொண்டார். அன்று மாலை அவ்வினாத்தாளை மீண்டும் எடுத்து நோக்கினேன். இருபது வினாக்களுள் வருகைப் பதிவைப்பற்றிய வினா ஒன்றேனும் இல்லை.

தன் கருத்துக்கு ஒத்த அறநூலைத் தேடுதல், தன் உடலுக்கேற்ற சட்டையைத் தேடுதல் போன்றதென நம்மிற் பலர் எண்ணுகின்றனர். நம் கருத்துக்களைச் சரியென்று முன்னரே முடிவு செய்துகொண்டு, அவற்றின்மேற் பெரியார் ஒருவரின் முத்திரையைப் பெற விழைவதே இத்தேடலாயின், இதனாற் கிடைப்பது புகழ்ச்சியேயன்றி அறிவன்று. ஆதலின் யான் வேறொரு வழியைக் கையாண்டு, என் பொய்யை அம்மூவர்முன்னும் நிறுத்திப் பார்த்தேன்.

எச்செயலையும், அதன் விதி எல்லார்க்கும் பொது விதியாகுமாறு நீ விரும்பக்கூடுமாயின் மட்டுமே செய்க என்பது கான்ட் 1785-இல் வெளியிட்ட நூலின் உட்கிடை. எல்லாரும் எல்லார்க்காகவும் குரல் கொடுப்பின் வருகைப் பதிவென்பதே பொருளற்றதாகும். என் பொய் பலித்ததும் ஏனையோர் மெய் கூறியதனாலன்றோ? மில்லிடம் சென்றால் தப்பலாமென நினைந்தேன். தோழனுக்கு மகிழ்ச்சி, எவர்க்குந் துன்பமில்லை. ஆனால் மில் அத்துணை எளியரல்லர். பயன்முறைக் கொள்கையைப்பற்றி அவர் 1861-இல் எழுதியவற்றுள், அப்போதைய வசதிக்காகக் கூறும் பொய், மக்கள் ஒருவர் சொல்லை ஒருவர் நம்பும் நம்பிக்கையைத் தளர்த்துமென்றும், மக்களின் நல்வாழ்வெல்லாம் அந்நம்பிக்கையின்மேல் நிற்பதென்றும் காட்டுகின்றார். கொடியோனிடமிருந்து ஒரு செய்தியை மறைத்தல், கடும் நோயாளிக்குத் துயரச்செய்தி கூறாதிருத்தல் போன்றவற்றையே விலக்காகக் கொள்கின்றார். பந்தாட்டம் அவற்றுட் சேராது. அரிஸ்டாட்டிலோ, பலகாற் செய்வதே நம் இயல்பாக அமைகின்றது என்பவர். இலாபமும் நட்டமும் இல்லாத சிறு விஷயத்தும் மெய் பேசுவோனே மெய்யன் என்பவர். நான் குரல் கொடுத்தது அதுவே முதன்முறையன்று. ஆதலின் அவ்விடத்தில் நூலை மூடிவைத்தேன்.

வினாத்தாளில் இடம்பெறாத நம் வள்ளுவரையும் நாடினேன். வாய்மை அதிகாரத்தில் அவர் பொய்க்கும் ஓரிடம் அளிக்கின்றார். ஆயின் அதனால் விளையும் நன்மை குற்றமற்றதாதல் வேண்டுமென வாயிலிலேயே காவல் வைத்துவிடுகின்றார். கொலைஞன் வினவினும் பொய் கூறலாகாதென 1797-இல் கான்ட் எழுதினார். அவ்விஷயத்தில் யான் வள்ளுவர் பக்கமே நிற்பேன். எனினும் என் செயலை நால்வரும் ஒருமுகமாய் மறுத்தனர். அவர்கள் பிணங்குவது மூழ்கும் ஓடத்திலும் கொலைஞன் முன்னிலையிலுமாம். நம்மனோர் வாழ்வு நிகழும் வகுப்பறையிலும் உணவுச்சாலையிலும் அவர்கள் பிணங்குதல் அரிது. வினாத்தாளோ பிணக்குள்ள இடங்களை மட்டுமே வினவுகின்றது.

அங்ஙனமாயின் கொலைஞன் வந்து வினவுதல் வெறுங் கற்பனையோ எனின், அன்று. 1940-இல் பிரான்சு தேசம் ஜெர்மனிக்குத் தோற்றபின், அதன் தென்பாகத்து மலைநாட்டிலுள்ள லெ ஷாம்போன் என்னுஞ் சிற்றூரார், உயிருக்கஞ்சி ஓடிவந்த யூதர்களைத் தம் இல்லங்களில் மறைத்துக் காத்தனர். அவர்களுக்குப் பொய்ப்பெயரில் அடையாளச் சீட்டுக்களும் பங்கீட்டுச் சீட்டுக்களும் அங்கே எழுதப்பட்டன. அவ்வூர்ச் சபைப் போதகர்களாகிய ஆந்திரே திரோக்மேயும் எதுவார் தெய்ஸும் 1943 பிப்ரவரியிற் சிறைப்பட்டு ஒரு முகாமில் அடைக்கப்பட்டனர். சில வாரங்களுக்குப்பின், மார்ஷல் பெத்தேனின் அரசாங்கக் கட்டளைகளுக்குக் கீழ்ப்படிவதாக ஓர் உறுதித்தாளிற் கையொப்பமிடின் வீடு செல்லலாம் எனக் கூறப்பட்டது. ஒரு கையெழுத்து, ஊர் திரும்பித் தம் பணியைத் தொடரலாம். பயனை மட்டுங் கணக்கிடுவோர் உடனே இட்டிருப்பர். அவ்விருவரும் இடவில்லை. பின்னர்க் கையொப்பமின்றியே விடுவிக்கப்பட்டனர். 1990-இல் இஸ்ரேலின் யாட் வாஷெம் நிலையம் அவ்வூராரைப் பாராட்டிச் சிறப்புச் செய்தது.

இவர்களை எவ்வழியினர் என்பது? சீட்டுக்களை நோக்கின் மில்லின் வழியினர். கையொப்பத்தை நோக்கின் கான்டின் வழியினர். பிறர் உயிருக்காகப் பொய்ச்சீட்டைப் பொறுத்த அவர்கள், தம் விடுதலைக்காகப் பொய்யுறுதி கூற உடன்படவில்லை. இதனை யான் முரணென்று கொள்ளேன். தம்மாற் செய்யவியலாதது யாதென்பதை அவர்கள் அம்முகாமிற் கண்டறிந்தனர். அதற்குமுன் எவ்வினாத்தாளும் அதனை அவர்களுக்குக் கூறியிருக்கவியலாது. ஆதலின் நண்பர்காள், அத்தாள் உங்கள் அறைக்கு வருமாயின், யாது செய்வேன் என்று எழுதாது, நேற்று யாது செய்தேன் என்று எழுதிப் பாருங்கள். எந்நூல் உங்களைப் புகழ்கின்றது என்பதை விடுத்து, எந்நூலுக்கு விடை கூறவியலாது தவிக்கின்றீர்கள் என்பதை நோக்குங்கள். எனக்கு அஃது அரிஸ்டாட்டிலின் நூலாயிற்று.

மறுநாள் ஆசிரியரிடம் சென்று நிகழ்ந்ததைக் கூறினேன். அவர் ஒன்றும் பேசாது என் தோழன் வருகையை அடித்துவிட்டார், என்னுடையதையும் அடித்தார். தோழன் எட்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் வந்து, "உன் பொய்யை நீ ஒப்புக்கொண்டாய், சரி, என்னைக் கேளாமல் என் பெயரையும் சேர்த்து ஒப்புக்கொள்ள உனக்கு யார் உரிமை தந்தது?" என்றான். அவ்வினாவை அந்நால்வரிடமும் யான் இன்னும் கொண்டு செல்லவில்லை.