செவ்வாயில் இரவு ஷிப்ட் யாருக்கு?

செவ்வாயில் நகரம் கட்டப்போவதாக ராக்கெட் முதலாளிகள் பேசும்போதெல்லாம், மில்லில் ஷிப்ட் அட்டவணை எழுதிய எனக்கு ஒரே சந்தேகம்: அங்கே இரவு ஷிப்ட் யாருக்கு?

ரஷ்யரான அலெக்சாந்தர் பக்தானவ் 1908இல் எழுதிய 'சிவப்பு நட்சத்திரம்' நாவலில் இதற்குப் பதில் உண்டு. எந்தத் தொழிலுக்கு எவ்வளவு ஆள் தேவை என்று பலகை காட்டும். பார்த்துவிட்டு, செவ்வாய்க்காரர்கள் விரும்பிய வேலைக்குப் போவார்கள். கட்டாயம் கிடையாது. (எங்கள் மேஸ்திரி கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.)

அதே செவ்வாய்க்காரர்கள்தான், வளம் குறைவதால் மனிதரை அழித்துப் பூமியை எடுத்துக்கொள்ளலாமா என்றும் விவாதிக்கிறார்கள். பொன்னுலகத்துக்குள் இப்படியொரு கூட்டத்தை நடத்திக்காட்டிய துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது. இன்றைய விளம்பரப் படங்களில் கண்ணாடிக் குவிமாடங்கள்தான் மின்னுகின்றன. வேலை நேரம் எவ்வளவு, ஆக்சிஜன் வால்வு யார் கையில் என்பதை முதலில் சொல்லட்டும்.